ஒரு வரி கீழே

ஞானம் தேடிக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் பென்ஷன் வரத் தொடங்கிய பிறகுதான் கிளம்புகிறார்கள். பிரமநாயகமும் அப்படித்தான் வந்தார். வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது, வீட்டுக் கடன் அடைந்திருந்தது, ரத்தத்தில் சர்க்கரை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. இனி ஆத்மாவைப் பார்ப்போம் என்று, தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு ஒரு பெண். வடிவம்மை என்று பெயர். சீடராக வந்து சேர்ந்த பிரமநாயகத்தைவிட இருபது வயதாவது இளையவர். அங்கே எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். சீடருக்கு ஆரம்பத்தில் நாக்கு கூசியது, பிறகு பழகிவிட்டது.

மடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அங்கே திருநீறு செய்தார்கள். பசுஞ்சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைத்து, உமிக்குள் அடுக்கி மூட்டம் போட்டு, அது நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனன்று வெளுத்த பிறகு எடுத்துச் சலித்துப் பாக்கெட் போடுகிற வேலை. பத்துப் பன்னிரண்டு பேருக்கு அதுதான் பிழைப்பு. மடத்துக்கும் வருமானம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

சீடர் உபதேசம் கேட்டார். குரு அவரிடம் சம்பளக் கணக்கைக் கொடுத்தார்.

"இதுவா அம்மா?"

"இதுவரைக்கும் பாத்தவுக திருநெல்வேலிக்கு மாறிப் போயிட்டாவ. நீங்க பாங்கில இருந்தவுகதானே?"

தன் அகந்தையைக் கரைப்பதற்கு வைத்த சோதனை என்று சீடர் அதை எடுத்துக்கொண்டார். சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட வேண்டும் என்ற அகந்தை உடனே வந்துவிட்டது. பழைய கணக்கை எல்லாம் மடிக்கணினியில் ஏற்றினார். கட்டம் கட்டமாக, நிறம் நிறமாகப் போட்டார். மாதம் பிறந்தால் சம்பளம் அவரவர் வங்கிக் கணக்குக்குத் தானே போய்விடும். வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் தன் கையில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை என்று அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லாத நாளும் உண்டு, அது அவருக்குத் தொண்டை கட்டியிருந்த நாள்.

வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், உலகம்மாள் அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். கொட்டகையில் மூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். நெற்றியில் எப்போதும் புகைக் கரி இருக்கும். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, எனக்கு இன்னும் எம்புட்டுப் பாக்கி?"

என்ன பாக்கி என்று சீடர் கேட்டார்.

"மாசம் ரெண்டாயிரம் பிடிக்கீயள்லா. மொத்தம் எம்புட்டுன்னு சொன்னீயன்னா கட்டிட்டு நின்னுக்கிடுவேன். புளியங்குடி மண்டியில எலுமிச்சங்கா தரம் பிரிக்க ஆள் கேக்காவ. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காவ."

"எதுக்குப் பிடிக்கிறோம்?"

இவர் வேண்டுமென்றே தன் வாயைக் கிளறுகிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"மாசியில மூட்டம் கறுத்துப்போச்சுல்லா. அதுக்குத்தானே."

அந்தக் கதை சீடருக்கும் தெரியும். சிவராத்திரிக்கு முன்னால் அவசரத்தில் உலகம்மாள் ஒரு மூட்டத்தைச் சீக்கிரம் பிரித்துவிட்டாள். காற்றுப் பட்டுப் பாதி கரியாகவே நின்றுவிட்டது. அந்தச் சிவராத்திரிக்குக் கேட்ட கடைகளுக்குச் சரக்கு அனுப்ப முடியவில்லை. அவள் நடுங்கிக்கொண்டு போய்ச் சொன்னபோது குரு, சரி போ, என்றார். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அம்மா ஒரு சொல்லும் சொல்லலியேன்னு இருந்தேன்," என்றாள் உலகம்மாள். "அடுத்த சம்பளத்துல சொல்லிட்டாவ."

மூன்று மாதமாக மாதம் இரண்டாயிரம். யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. செய்த தப்புக்கு அபராதம் என்று ஏற்றுக்கொண்டு, குறைகிற காசை ஈடுகட்ட வீட்டில் மறுபடியும் பீடி சுற்றத் தொடங்கியிருந்தாள். சாயங்காலப் பூஜைக்கு அவள் வருவதில்லை என்பது அப்போதுதான் சீடருக்கு நினைவுக்கு வந்தது. திருநீறு கொடுக்கும் நேரத்தில் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருப்பாள். காசு போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கோபத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருக்கிற ஒருத்தர் முகத்தில் தினமும் விழிக்க முடியாமல்தான் அவள் வேலையை விடப் பார்த்தாள்.

சீடர் மடிக்கணினியைத் திறந்தார். பார்த்த மாத்திரத்தில் காது சுட்டது.

மடத்தின் லோடு ஆட்டோவை ஓட்டுகிற பேச்சிமுத்து மாசி மாதம் இருபதாயிரம் கடன் வாங்கியிருந்தான். மாதம் இரண்டாயிரம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. அவன் பெயருக்கு நேரே இருக்க வேண்டிய பிடித்தம் ஒரு வரி கீழே, உலகம்மாள் பெயருக்கு நேரே உட்கார்ந்திருந்தது. முந்தின மாதத்தை அப்படியே நகல் எடுத்து அடுத்த மாதம் என்று பெயர் மாற்றிவிடுவது சீடரின் வழக்கம். தப்பும் மாதாமாதம் ஒழுங்காக நகலாகியிருந்தது.

பார்த்துச் சொல்கிறேன், திங்கட்கிழமை வா, என்று அவளை அனுப்பினார். திங்கட்கிழமை அவள் புளியங்குடியில் இருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னார்.

குரு சமையலறைக்குப் பின்னால் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். சீடர் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். பிழை என்று சொன்ன இடத்தில் எல்லாம் மறக்காமல் சின்னப் பிழை என்று சொன்னார். அதற்கு வழியும் வைத்திருந்தார். ஊக்கத்தொகை என்ற பெயரில் ஆறாயிரத்தை அவள் கணக்கில் போட்டுவிடலாம், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடிந்துவிடும் என்றார்.

குரு தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"மூணு மாசமா அவ எம்மேல பயந்துக்கிட்டா இருந்தா?"

"ஆமாம்மா."

"நானும் கவனிக்கலியே."

அது குருவுக்கு வலித்தது. கொஞ்ச நேரம் கையை அண்டாவுக்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"ஊக்கத்தொகைய வாங்கிக்கிட்டு அவ என்ன நெனைப்பா?"

"சந்தோஷப்படுவா."

"எதுக்கு வந்துச்சுன்னு நெனைப்பா?"

சீடர் யோசித்தார். "அம்மா மன்னிச்சுட்டாங்கன்னு நினைப்பா."

"நான் கோவப்படவே இல்லையே ஐயா."

சீடர் வேறு பக்கமாக வந்தார். குருவே அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். அம்மா வாயால் வருகிற சொல் அல்லவா.

"நான் சொன்னா அருளாயிரும்," என்றார் குரு. "நீங்க சொன்னாத்தான் அது தப்பா இருக்கும்."

அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று சீடருக்குப் புரிந்தது.

கொட்டகைக்குப் போகிற வழி அன்றைக்கு நீளமாக இருந்தது. உள்ளே நாலைந்து பெண்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் உமி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் சீடர் நினைத்திருந்தார். அவர் கூப்பிட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, இருந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. கணினி, பதிவு, பரிமாற்றம் என்று ஆரம்பித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார்.

"உலகம்மா, நான் தப்பா எழுதிட்டேன். வேற ஒருத்தர் கடனை உன் பேருக்கு நேரே எழுதி உன் காசைப் பிடிச்சுட்டேன்."

சலிக்கிற சத்தம் நின்றது.

"அபராதம் இல்லியா?"

"இல்லை."

"கறுத்த மூட்டத்துக்கு இல்லியா?"

"இல்லைம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப அம்மாவுக்கு எம்மேல கோவம்?"

"காசு பிடிச்சதே அம்மாவுக்கு இப்பத்தான் தெரியும். தப்பு என்னுது."

உலகம்மாள் உமி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சீடர் பதறினார். முந்தானையை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது. அதோடு கோபமும் வந்து சேர்ந்தது.

"வீட்டுல போயிக் கை வீங்குத வரைக்கும் பீடி சுத்துனேனே ஐயா. ஒரு வரி மாத்தி எழுதுனதுக்கா?"

"ஆமா."

"நீங்க பாங்கில இருந்தவுகதானே?"

கொட்டகையே சிரித்தது. வேறு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்பு சீடரை ஒரு வாரம் தூங்கவிட்டிருக்காது. அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். நெஞ்சுக்குள் எப்போதோ போட்டு மறந்த முடிச்சு ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது. மன்னித்துக்கொள் என்று கை கூப்பினார். பெரியவுக அப்படிச் செய்யப்பிடாது என்று அவள் பதறி எழுந்தாள்.

பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவள் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மடத்துப் பணம் வெளியே போகக்கூடாதாம், விடிந்ததும் வாங்கிக்கொள்வாளாம். மூன்று மாதம் காசு பறிபோனவள் மடத்து லட்சுமிக்காகக் கவலைப்பட்டாள்.

அன்று சாயங்காலப் பூஜைக்கு உலகம்மாள் தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து முதல் வரிசையில் நின்றாள். குரு அவள் கையில் திருநீறு போட்டார். அவள் போகாமல் நின்றாள்.

"அந்தக் கறுத்த மூட்டம்மா..."

"அதுலதான் பாத்திரம் துலக்குதேன்," என்றார் குரு. "நல்லாத்தான் இருக்கு. தீந்துருமேன்னு இருக்கு."

புளியங்குடி மண்டிக்காரருக்கு அவள் அன்றைக்கே போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் சீடர் லேசான மனத்தோடு எழுந்து, உலகம்மாளிடம் ஆறாயிரத்தைக் கொடுத்தார். பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி பேச்சிமுத்து. இத்தனை நாள் பிடிக்காமல் விட்டுப்போனதை இனிமேல் பிடிக்க வேண்டும், அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதானே. பணம் கூடுதலாகப் போனவனிடம் பேசுவது குறைந்தவளிடம் பேசுவதைவிட எளிது என்று கணக்குப் போட்டார். அவருடைய கணக்குகளுக்கு அது கெட்ட காலம்.

பேச்சிமுத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். சீடர், உன் கடன் விஷயமா, என்று ஆரம்பித்ததும் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"நானே உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன் ஐயா. அம்மாகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவன் சொன்னான். கடன் வாங்கியது மனைவிக்கு வைத்தியம் பார்க்க இல்லையாம். அது பொய்யாம். போனில் ரம்மி ஆடித் தோற்ற காசாம். முதலில் பொழுதுபோக்காக ஆரம்பித்தது, பிறகு தோற்றதைப் பிடிக்க ஆடினான், பிறகு ஆடாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் தோடு போயிற்று, சங்கிலி போயிற்று. மடத்தில் வாங்கிய இருபதாயிரமும் அதிலேயே போயிற்று. முதல் மாதம் இரண்டாயிரம் பிடித்தால் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, போனில் சம்பளம் வந்து விழுந்தது. முழுச் சம்பளம்.

"அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு ஐயா. கேட்டு அசிங்கப்படுத்தாம, கடனத் தள்ளிவிட்டுட்டு, இனிமேலாவது திருந்துடான்னு சொல்லுதாவ. அன்னைக்கே போன்ல இருந்து அந்தச் சனியனத் தூக்கிட்டேன். மூணு மாசமாச்சு. தொடல."

சீடர் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

குருவிடம் வந்தபோது சீடருக்கு வேர்த்திருந்தது. நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். இந்தத் தடவை சின்ன என்ற சொல் எங்கேயும் வரவில்லை.

"அவன்கிட்டச் சொல்ல வேண்டாம்மா," என்றார். "அந்தக் காசை நானே என் பென்ஷன்ல கட்டிடறேன். அவன் அம்மா மேல வச்ச நம்பிக்கையில எழுந்து நிக்கிறான். அது என் கைப்பிழைன்னு தெரிஞ்சா திரும்ப விழுந்துருவான். குடும்பம் போயிரும்."

"விழுந்தாலும் விழுவான்," என்றார் குரு.

"அப்ப சொல்லாம விட்டுரலாமா?"

"விடலாம். ஆனா இந்த மாசமும் பிடிக்கப்பிடாது."

"பிடிக்க மாட்டேன்."

"அடுத்த மாசமும். கடன் தீந்த பெறகு அவனுக்கு வேற ஒரு கஷ்டம் வரும். அப்ப வேற ஒரு தப்புச் செய்யணும். அவன் எம்மொகத்தப் பாத்துக்கிட்டே இருப்பான். அவனுக்காக நீங்க தப்புச் செஞ்சுக்கிட்டே இருக்கணும். உங்களுக்குப் பெறகு கணக்குப் பாக்குதவுககிட்டயும் சொல்லிட்டுப் போகணும்."

சீடர் தலை குனிந்தார். "சொன்னா அந்தப் பாவம் என்னை அல்லவா சேரும்," என்றார்.

குரு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த சாண உருண்டைகளைப் புரட்டிப் போட்டார். ஒரு வரிசை முடிந்த பிறகு நிமிர்ந்தார்.

"வண்டி இன்னைக்குச் சங்கரன்கோவில் வரைக்கும் போகுது. நீங்களும் கூடப் போங்க."

சீடருக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான் குருவின் விடை என்று தெரிந்துகொண்டார். நாள் முழுக்க அவன் பக்கத்தில் உட்காரவைக்கிறார். சொல்லாமல் திரும்பி வர முடியாது.

கடையநல்லூரில் மூட்டை இறக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மூட்டையின் பாதி கனம் அவர் முதுகில் ஏறியதும் பேச்சு எழவில்லை. புளியங்குடியில் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டார். அங்கே பூஜைச் சாமான் கடைக்காரர் பாக்கிப் பணத்துக்கு இழுத்தடித்ததில் நேரம் போயிற்று. சங்கரன்கோவிலில் சாப்பிடும்போது பேச்சிமுத்து தன் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து இவர் இலையில் வைத்தான். பெரிய மூட்டையெல்லாம் தூக்கிட்டீயளே ஐயா, நல்லாச் சாப்பிடுங்க, என்றான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது. மகள் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையைப் பற்றி அவன் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தான்.

திரும்பி வரும்போது வண்டி காலியாக இருந்தது. மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. மலை தெரிந்தால் மடம் நெருங்குகிறது என்று அர்த்தம். சீடர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேச்சிமுத்து, உன் கடனை அம்மா தள்ளிவிடல."

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சீடர் நிறுத்தாமல் முழுக்கச் சொன்னார். ஒரு வரி கீழே எழுதியதை, மாதாமாதம் நகல் எடுத்ததை, உலகம்மாள் அனுபவித்ததை, எல்லாவற்றையும். கண்ணைத் திறந்தபோது பேச்சிமுத்து வண்டியை ஒரு குளக்கரை ஓரமாக ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். இவரைப் பார்க்கவில்லை. இறங்கினான். சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான். எடுத்துக்கொண்டு கரை மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டான்.

 போனை எடுத்துக்கொண்டு போனதுதான் சீடரை உலுக்கியது. பின்னால் ஓடலாமா என்று நினைத்தார். தெரிந்த கடவுள் பெயர்களை எல்லாம் ஒரு சுற்று சொல்லி முடித்தார். வாழ்க்கையில் எத்தனையோ கடன் விண்ணப்பங்களை நிராகரித்திருக்கிறார், ஒரு மனிதன் திரும்பி வருவதற்காக இப்படிக் காத்திருந்ததில்லை.

பேச்சிமுத்து கரை இறங்கி வந்தான். வண்டியில் ஏறாமல் இவர் பக்கத்துக் கதவண்டை வந்து நின்றான்.

"எங்க வீட்ல பேசுனேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு வந்துருவீயள்லான்னு கேட்டா." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப நான் சீட்டு ஆடுனது அம்மாவுக்குத் தெரியாதா ஐயா?"

"தெரியாது. இன்னைக்குக் காலையில நான் சொல்லித்தான் தெரியும்."

"கடனத் தள்ளவும் இல்ல."

"இல்லை."

"திருந்துடான்னு யாரும் சொல்லவும் இல்ல."

"இல்லை. யாரும் சொல்லல."

பேச்சிமுத்து குளத்தைப் பார்த்தான். தண்ணீர் அதிகம் இல்லை. நடுவில் இரண்டு எருமைகள் கிடந்தன. அவன் முகத்தில் என்ன வரப்போகிறது என்று சீடர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப இந்த மூணு மாசமும் ஆடாம நானேதான் இருந்தனா?"

சீடர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"நானேதான் இருந்திருக்கேன்," என்று அவன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தபடியே வண்டியைச் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தான்.

"மாசம் ரெண்டாயிரம் பிடிச்சுக்கோங்க ஐயா. எம்பேருக்கு நேர பாத்துப் பிடிங்க."

வண்டி கிளம்பியது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி இவருக்குச் சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தான். காசையும் அவனே கொடுத்தான். உலகம்மாளுக்கு நான் என்ன செய்ய என்று கேட்டான். அவள் ஒன்றும் எதிர்பார்க்க மாட்டாள் என்று சீடர் சொன்னார். அவன் கேட்கவில்லை, அவளுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு கட்டச் சொன்னான். சீடரின் முதுகு விண்விண் என்று தெறித்தது. இருந்தாலும், பல வருஷமாக இவ்வளவு நிம்மதியாக ஒரு டீ குடித்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். குரு கொட்டகை வாசலில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. சீடர் எதிரே தரையில் உட்கார்ந்தார். குளக்கரையில் நடந்ததைச் சொன்னார். பேச்சிமுத்து சொன்னதை அப்படியே அவன் குரலிலேயே சொல்லிப் பார்த்தார். குரு கேட்டுக்கொண்டே சலித்தார். நானேதான் இருந்தனா என்ற இடம் வந்ததும் சல்லடையை மடியில் வைத்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

"நல்லாருக்கட்டும்," என்றார்.

சீடர் கை கூப்பினார்.

"அம்மாவுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். அவன் தாங்குவான்னு தெரியும். கூட உட்காரவச்சா நான் சொல்லாம வர மாட்டேன்னும் தெரியும். அதனாலதானே என்னை அவன்கூட அனுப்பினீங்க?"

குரு அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நீங்களுமா ஐயா?"

"பின்னே எதுக்கு அனுப்பினீங்க?"

"மூட்டை எறக்குத மாரியப்பனுக்குக் காய்ச்சல். வண்டிக்கு ஆள் இல்ல."

சீடர் கூப்பிய கையைக் கீழே இறக்கினார்.